வட்டுக்கு அடியில்

மூணாறு தலைப்புக்குக் கீழே, கோரையாற்றங்கரையில்
மதகுக் கொட்டகைக்குள் ஒரு கம்ப்யூட்டர்.
அதன் தலைமேல் லஸ்கர் அமிர்தகடேசனின் சாப்பாட்டுத் தூக்கு.
பக்கத்தில் ஷட்டர் சுற்றும் கைப்பிடி, கிரீஸ் டப்பா,
முதல் தண்ணீருக்குக் கட்டிக் காய்ந்த பூச்சரம்.

நான் மாதம் ஒருமுறை வரும் ஒப்பந்தக்காரி.
நீடாமங்கலம் கேட் மூடிக் கிடந்ததில்
இன்றும் முக்கால் மணி நேரம் போயிற்று.

"பொட்டி நல்லாத்தான் ஓடுது மேடம்,
மெமோதான் எனக்கு வந்துருக்கு."
நாலாய் மடித்த தாள், வியர்வையில் மெத்தென்றிருந்தது.
ஜூன் பதினேழு, இரவு பதினொன்று முதல் நாலு வரை
நீர்மட்டப் பதிவு இல்லை. விளக்கம் தருக.
தந்திருக்கிறார், ஒரே வரியில்:
தண்ணீர் வந்தது, நான் பார்த்தேன்.

கறுப்புத் திரையில் அந்த இரவைத் தேடினேன்.
பதினொன்றுக்குக் கரண்ட் போயிருக்கிறது. வந்திருக்கிறது.
அது அந்த ஹார்ட் டிஸ்க்கின் முப்பதாவது எழுச்சி.
முப்பதுக்கு ஒருமுறை அது தன்னையே
கட்டம் கட்டமாய் எண்ணிப் பார்க்கும்,
எந்தக் கோப்புக்குப் பெயர் உண்டு,
எந்தப் பெயருக்குக் கோப்பு இல்லை என்று.
நாற்பது நிமிடம் ஆகும். மற்ற நாளில் ஒரு நொடி.

தொடக்க ஸ்கிரிப்டைத் திறந்தேன்.
வட்டைச் சோதி, ஏற்று என்ற வரியின் கடைசியில்
ஒற்றை 'அண்ட்' குறி.
காத்திருக்காதே, அடுத்ததற்குப் போ என்று அர்த்தம்.
அடுத்தது நீர்மட்டம் எழுதும் நிரல்.
அது எழுந்தது, வட்டு இருக்க வேண்டிய இடம் வெறுமையாயிருந்தது,
அந்த வெறுமைக்குள்ளேயே எழுதத் தொடங்கிவிட்டது.
நாற்பது நிமிடம் கழித்து
வட்டு வந்து அதன்மேல் உட்கார்ந்தது.
அதற்குப் பிறகும் அது கீழேதான் எழுதியது,
நாலு மணிக்கு மறுபடி கரண்ட் போகும்வரை.

யார் வைத்த குறி?
வரிக்கு மேலே குறிப்பு இருந்தது.
சீக்கிரம் எழ. எஸ்.ம.

எஸ்.மரியசெல்வி.
இரண்டு வருஷம் முன்னால் ஒரு சாயங்காலம்
கேட் மூடுவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க
நான் வைத்தது.

வட்டை இறக்கினேன்.
அடியில் ஒரு கோப்பு, ஜூன் பதினேழாம் தேதியோடு.
அமிர்தகடேசன் கண்ணாடி தேடி வந்து
விரல் வைத்துப் படித்தார்.
பதினொன்றேகால், ஒன்று புள்ளி இரண்டு அடி.
ஒரு மணி, இரண்டு புள்ளி ஒன்பது.
இரண்டேகால், நாலு புள்ளி மூன்று.
"அப்பதான் மூணாம் ஷட்டர்ல கட்டை சிக்கிச்சு.
நெஞ்சு வரைக்கும் தண்ணி."
கொஞ்சம் கழித்து,
"இது இங்கேயேவா இருந்துச்சு?"
"இங்கேயேதான். மேல மூடிருந்துச்சு."
அவர் வெளியே போய் ஆற்றில் துப்பிவிட்டு வந்தார்.
சித்திரையில் இதே இடத்தில்
ஒரு சைக்கிள் ரிம்மும் பிள்ளையாரின் முதுகுக்கட்டையும்
பார்த்திருக்கிறேன்.
இப்போது அதன்மேல் ஆறு.

கோப்பை வட்டுக்குள் நகர்த்தினேன்.
குறியை அழித்தேன். குறிப்பை அழிக்கவில்லை.
உதவிப் பொறியாளருக்கு ஒரு தாள் எழுதினேன்.
முதல் வரியை மூன்று தடவை மாற்றி,
கடைசியில் 'நான்' என்றே தொடங்கினேன்.

"இன்கிரிமென்ட் திரும்பக் கிடைக்குமா?"
தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

இனி எல்லாம் வரிசைப்படி எழவேண்டும்.
சோதனையை வலிய ஏவி, மறுபடி எழுப்பிவிட்டேன்.
பெட்டி சூடேறுகிறது, அமிர்தகடேசன் தூக்கை எடுத்து
மடியில் வைத்துக்கொள்கிறார்.
கடைசி பஸ் எட்டு பத்துக்கு.
திரையில் முப்பத்தெட்டு சதவீதம்.
முப்பத்தெட்டு.
இன்னும் முப்பத்தெட்டு.