எட்டாயிரத்து எண்பதாவது வாசல்

அத்-பாஷிப் பக்கத்து ஊராட்சி அலுவலகங்களில்
ஒரு கணினிக்கும் கூமுஷிடம் கடவுச்சொல் இல்லை.
எதையும் நிறுவ முடியாது.
நரினிலிருந்து வந்த ஒருவன் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் போனான்;
இப்போது மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டுகிறானாம்.

அதனால் அவள்
மொத்தக் கடையையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறாள்.
கன்றுக்குட்டி கட்டுகிற கயிற்றில்
மூடி தொலைந்த பென் டிரைவ்.
அதற்குள் சர்வர், அதற்குள் தரவுத்தளம்,
அதற்குள் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ஆடுகள்.
எந்தக் கண்ணில் எந்தத் தேதியில்
தடுப்பு மருந்து ஒரு சொட்டு விழுந்தது என்பது உட்பட.

செருகுகிறாள்.
நேற்றைய ஊரில் இதற்கு ‘ஈ’ என்று பெயர்.
இங்கே ‘ஜி’.
பெயர் மாறினால் வழி தவறிவிடக் கூடாதென்று
பாதைகள் அத்தனையையும்
‘இங்கிருந்து ஒரு படி மேலே, பிறகு உள்ளே’
என்றே எழுதிவைத்திருக்கிறாள்.
ஊர் பெயர் எங்கும் இல்லை.

துவக்கு.
சிவப்பு.
எண்பதாவது வாசலில் யாரோ படுத்திருக்கிறார்கள்.
பார்த்தால்
கணக்கர் தொலோகொன் மகளோடு பேசுகிற செயலி.
மகள் சியோலில். ஞாயிறுதான் அழைப்பாள்.
இன்று செவ்வாய்.
ஆனாலும் கூமுஷ் அதை எழுப்பவில்லை.
எட்டாயிரத்து எண்பதாவது வாசலைத் திறந்துகொண்டாள்.

வெளியாரை அனுமதிக்கலாமா என்று
ருஷ்ய மொழியில் கேட்டது காவல் நிரல்.
வேண்டாம்.
யார் வரப்போகிறார்கள்?
பரிமாறுபவளும் அவள்தான்
பசித்து உட்கார்ந்தவளும் அவள்தான்.
நூற்றிருபத்தேழு, சுழி, சுழி, ஒன்று:
எந்த மேசையில் தட்டினாலும்
‘இதோ, இங்கேதான்’ என்று மட்டும் சொல்கிற முகவரி.

பச்சை.

அறுபது ஆடுகளைப் பதிந்திருப்பாள்.
வெளியே ஓட்டுநர் ஹாரன் அடித்தான், போனாள்.
அந்தக் கணினியின் முன்பக்கம்
வேலைசெய்கிற துளை ஒன்றே ஒன்று.
தொலோகொனுக்குத் தம்பி கல்யாண வீடியோவை ஏற்ற வேண்டியிருந்தது.
உருவினார்.

“விளக்கு மினுக்கிக்கொண்டுதான் இருந்தது,
சும்மா இருக்கிறது என்று நினைத்தேன்.”

ஆடுகள் அட்டவணை நொறுங்கிவிட்டது.
பழுது பார்க்கவும்.

அவள் திட்டவில்லை. கட்டளையைத் தட்டினாள்.
அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை,
தேநீர் கொண்டுவந்தார்
தட்டில் இரண்டு சர்க்கரைக் கட்டி அதிகமாக.
வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன,
விழுந்த மந்தை எழுவதுபோல, முன்னங்கால் முதலில் மடித்து.
அறுபதும் சேர்த்தால் ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு வர வேண்டும்.
அறுபத்தொன்பதில் நின்றது.

காரில் கிடந்த அயோடின் கறை நோட்டில்
இரண்டு கிடைத்தன. பொலோத்கானுடையவை,
ஒன்று காது கிழிந்தது.
மூன்றாவது எங்கும் இல்லை.

எங்கும் என்றால், எழுத்தில்.
அது இந்நேரம் ஏதோ ஒரு பட்டியில்
மருந்து விழுந்த கண்ணைச் சிமிட்டிக்கொண்டு
பக்கத்து ஆட்டின் வைக்கோலை இழுக்கும்.
இன்னொரு சொட்டு விடலாம்தான்.
சினையாக இருந்தால் விடக் கூடாது.
அதுவும் அந்த வரியில்தான் இருந்தது.

புதிய வரி ஒன்று சேர்த்தாள்.
எண்: வெற்று. உடைமையாளர்: வெற்று.
குறிப்பு: உண்டு.

தரவுத்தளத்தை நிறுத்தினாள். சர்வரை நிறுத்தினாள்.
விளக்கு அணைந்த பிறகும் பத்து எண்ணினாள்.
கழற்றப் போனவள் கேட்டாள்,
“அந்தக் கல்யாணம் எத்தனை ஜிபி?”
“மூன்றரை. நரினில்தான் இணையம் வேகம், அங்கிருந்து மகளுக்கு…”
“இதிலேயே போடுங்கள். இடம் இருக்கிறது.”

காட்டி முடிக்க இருபது நிமிடம் என்றது திரை.
பிறகு நாற்பது. பிறகு பன்னிரண்டு.
இருவரும் மிச்சச் சர்க்கரையைக் கடித்தபடி
பார்த்துக்கொண்டிருந்தார்கள்.