சத்தம் இருக்கா

பிளெண்டரைக் கழுவி
அலமாரி மேல்தட்டில் ஏற்றிவிட்டேன்.
இரண்டு மாதமாய் அதன் இரைச்சலில்தான்
எங்களுக்கு விடிந்தது,
பாகாவ் மில் சங்கு ஊதுவதற்கும் முன்னால்.

இன்று முள்கரண்டி.
அவித்த பரங்கிக்காய், குழைந்த சோறு கொஞ்சம்,
விரலால் தடவித் தடவி முள் நீக்கிய
கெம்போங் மீன் ஒரு சிட்டிகை.
மசித்தேன். சில இடங்களில்
மசிக்காமல் விட்டேன்.

யஷ்வினா வாங்கினாள்.
குழி கண்ட லாரி மாதிரி
நாக்கு நின்றது.
முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி
ஓங்கரித்தாள்.

பதினெட்டு டன் செம்பனைக் குலையோடு
ஜெம்போல் மேட்டில் நடுங்காத கை
ஒரு பருக்கைக்கு நடுங்குகிறது.
விரல் அவள் வாய்வரை போய்விட்டது.

கிளினிக்கில் மிஸ்ஸி ரோஸ்னானி
தன் தோட்டத்துத் தமிழில் சொன்னது:
"சத்தம் இருக்கா, கையை விடாதே, சும்மா இரு.
சத்தம் இல்லையா, அப்போ பயப்படு."

இருந்தேன்.
துப்பினாள், என் சட்டையில்.
அந்தப் பருக்கையை இரு விரலால் எடுத்து
என் கணக்கில் பிழை கண்டவள்போலப் பார்த்தாள்.
அவளாகவே மறுபடி வாயில் போட்டாள்.

பிறகு சத்தமே இல்லை.
நாற்காலி சாய எழுந்தேன்.

தாடை அசைகிறது.
மேலே, கீழே, கொஞ்சம் பக்கவாட்டிலும்.
ஒரு பல் இல்லை, ஆனாலும்.

இரவு ஷிப்ட் முடிந்த புவனேஸ்
பையோடு வாசலில் நின்று கேட்கிறாள்:
"என்ன, மெஷின் சத்தமே காணோம்?"

உஷ் என்கிறேன்.
மெல்லுகிறாள்.