எந்தப் பெட்டி

மேவிஸ் ட்ரெனரியின் இசைத்தட்டு
மூன்று பிரதிகள் வந்தன, பிப்ரவரியில்.
கிளீவ்லாந்தின் தெருவெல்லாம் உப்புச் சகதி.

ஜாஸ்தான் என்றார் ஹார்லன்.
இடக்கை தாளத்துக்குச் சற்றுப் பிந்துகிறதே,
இருட்டில் செருப்பைத் தேடும் கால் மாதிரி.

ஜாஸா? பியானோவைத் தள்ளிவிட்டுக்
கிதாரை வை, ஃபோக்
என்றாள் ஜோவிட்டா, விலைச்சீட்டுத் துப்பாக்கியால்
என் நெற்றியைக் குறிபார்த்து.

ஊசியைத் திரும்ப வைத்தேன்.
இரண்டாம் பக்கம், நாலாவது பாட்டு.
அவன் பெயர் வரவேண்டிய இடத்தில்
அவள் வாயே திறக்கவில்லை.
விரல் மட்டும் ஒரு கறுப்புக் கட்டையைத் தொட்டு
எடுக்க மறந்திருந்தது.
இதற்கு எந்தப் பெட்டி?

ஜாஸில் ஒன்று, ஃபோக்கில் ஒன்று.
மூன்றாவதை,
அட்டையில் பனி பெய்கிறதே என்று
பாதி விலைக் கிறிஸ்துமஸ் பெட்டியில்
யாரோ செருகிவிட்டார்கள்.

விற்றது அதுதான்.

ஜூலையில், வியர்த்து வழிய,
பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒருவர் வந்தார்.
"இதே மாதிரி
இன்னொரு கிறிஸ்துமஸ் தட்டு இருக்கா?"

ஹார்லன் என்னைப் பார்த்தார்.
நான் பரண் ஏணியைத் தேடப் போனேன்.