யானை வராத ஊரின் கதவு

ஜூன் கடைசியில் யானை வந்து
எங்கள் அடுக்களைக் கதவைத் தள்ளிவிட்டுப் போனபோது
நான் தேவாலாவில் இல்லை.
தான்சானியாவில் ஒரு தேயிலை ஃபேக்டரியில்
ரோலருக்குப் பல் வெட்டிக்கொண்டிருந்தேன்.

புஷ்பலீலா போனில் சொன்னாள்:
‘அரிசி போச்சு. உப்பு டப்பா போச்சு.
கதவு ரெண்டா கெடக்கு.
நாங்க கட்டிலுக்கு அடியில இருந்தோம்.
கால மட்டுந்தான் பாத்தோம்.’

வேலை முடிந்து விமானத்துக்கு இரண்டு நாள் இருந்தது.
கடலையாவது பார்ப்போம் என்று
தார் எஸ் சலாமில் படகேறி
சான்சிபார் போனேன்.

பவளக்கல் சுவர்கள்.
எதிரே ஒருவர் வந்தால்
சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள்.
பல்வலிக்கு மருந்து வைத்த வாய்போல
ஊர் முழுக்கக் கிராம்பு.

அப்புறம் கதவுகள்.
எங்கள் லயத்துக் கூரையை விட உயரமானவை,
கொடியும் பூவும் மீனும் செதுக்கியவை.
வியாபாரிகளின் வீடுகள், கச்சிலிருந்து வந்தவர்களாம்.
ஒரு கதவு நிறையப் பித்தளை முனைகள்,
பம்பரத்தைத் தலைகீழாக அறைந்ததுபோல.

கூட வந்த மக்காமே சொன்னான்:
‘யானை முட்டாமல் இருக்க. உங்கள் நாட்டு வழக்கம் என்பார்கள்.’
‘இங்கே யானை உண்டா?’
‘இந்தத் தீவிலா?’
சிரித்தான். நானும் சிரித்தேன்.
சிரித்து முடித்து அவனே சொன்னான்:
‘வந்திருக்கிறது. தந்தமாக.’

மாதக்கணக்கில் நடந்து
தோளில் சுமந்து கொண்டுவந்தார்களாம்.
தந்தத்தை இந்தக் கதவுகளுக்குள் எடுத்துக்கொண்டார்கள்.
சுமந்தவர்களில் சிலரைச் சந்தையில் நிறுத்தினார்கள்.

நான் பல் வெட்டுகிறவன், எனக்குக் கூர் தெரியும்.
தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சுட்டது.
ஒரு யானையையும் குத்தாத கூர்.
துடைத்துத் துடைத்தே மழுங்கியது.

நிலவறை ஒன்றைக் காட்டினார்கள்.
கூரை தலையில் இடித்தது,
விரல் அகலத்துக்கு வெளிச்சம்.
எத்தனை பேரை அடைத்தார்கள் என்று மக்காமே ஒரு எண் சொன்னான்.
எண் என்றதும்
தலைமன்னாரில் கப்பலுக்கு நின்ற அப்பாவின் ஞாபகம்,
அவர் காகிதத்தில் எங்கள் குடும்பமும் ஒரு எண்.
அது வேறு, இது வேறு. தெரியும்.
எங்களுக்குச் சங்கிலி இல்லை.
கையெழுத்து இருந்தது, யாருடையதோ.
வெளியே வந்து
அறுந்துபோகாத செருப்பு வாரை
ரொம்ப நேரம் சரிசெய்துகொண்டிருந்தேன்.

தேவாலாவில் மழை.
நஷ்ட ஈட்டு மனுவில் கேட்டிருந்தார்கள்:
கதவு என்ன மரம்? எத்தனை வருடம் பழையது?
சில்வர் ஓக். வருடம் தெரியாது,
நாங்கள் குடிவந்தபோதே இருந்தது.

ஆசாரி பவித்ரனிடம் போனில் படத்தைக் காட்டினேன்.
விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.
‘இத்தன பித்தளைக்கு நீங்க லோன் எடுக்கணும்.’

புஷ்பலீலா எட்டிப் பார்த்தாள்.
‘இத வச்சா ஆனைக்கு நெத்தி கிழியாதா?’
‘அதுக்குத்தான் வைக்கறதே.’
‘அது உப்புக்கு வருது.’
கொஞ்ச நேரம் பேசவில்லை.
‘உப்ப உள்ரூமுக்கு மாத்திக்கறேன். சாதாக் கதவே போடுங்க.’

போட்டார். ஒரே பலகை, ஒரு தாழ்ப்பாள்.
அடியில் இரண்டு விரல் இடைவெளி,
பட்டை அடித்துத் தருகிறேன் என்று போனவர்
இன்னும் வரவில்லை.

நேற்று இரவு அந்த இடைவெளியில் மூச்சுச் சத்தம்.
மழை என்றாள்.
மழை வெளியே விடும், உள்ளே இழுக்காது.
அரிசியை மோந்தது.
அலமாரியில் நான் கொண்டுவந்த கிராம்புப் பொட்டலத்தில்
சற்று நின்றது என்று நினைக்கிறேன்.
எங்களையும் மோந்தது.

காலையில் பவித்ரனுக்குப் போன் போட்டேன்.
ரிங் போகிறது, எடுக்கவில்லை.