நான்காம் கொம்பு

எல்லாக் கருவியும் அரங்கைப் பார்க்கும்.
ஹார்ன் மட்டும் வாயைப் பின்னால் வைத்திருக்கும்.
பின்னால் இருப்பவன் நான்,
நான்கு செம்புக் கொப்பரை முரசுகளோடு.
தில்கா ரேபெர்னிக் ஊதுவது
சுவரில் மோதித் திரும்பித்தான்
மரிபோர் நகரத்துக்குப் போகும்.
எனக்கு நேராக வரும்,
முழங்காலில்.

பத்தொன்பது வருடம்.
முகத்தை உணவகத்தில் பார்த்திருக்கிறேன், பதியவில்லை.
பிடரி தெரியும்.
ஊதுவதற்கு முன் இடது காதுக்குக் கீழே
ஒரு தசை சுருங்கும், அது தெரியும்.

ஒருநாள் இடைவேளையில் ஒரு வயலின்காரன்
அவள் காதுபடவே சொன்னான்:
நாங்கள் பக்கம் பக்கமாய் இழைக்கிறோம்,
இவளுக்கு மொத்தமே நாற்பது சுரம்,
அதே சம்பளம்.
இவளுக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது?

தில்கா ஆப்பிளைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தாள்.
(கச்சேரி நாளில் எதையும் கடிக்க மாட்டாள். உதடு.)
"முளைத்திருக்கிறது" என்றாள்.
"நீட்டினால் நான்கு மீட்டர் கிட்ட வரும்.
உங்கள் கண்ணில் குத்தாமலிருக்கத்தான்
சுருட்டி மடியில் வைத்திருக்கிறேன்."

வாசிப்பதைவிட எண்ணுவதே எங்கள் பிழைப்பு,
அவளுக்கும் எனக்கும்.
எழுபத்திரண்டு கட்டம் மௌனம். பிறகு ஒரே ஒரு அடி.
அதற்குள் அவள் ஹார்னைத் திருப்பித் திருப்பி
ஈரத்தைத் தரையில் வடிப்பாள்.
எச்சில் இல்லை, மூச்சு குளிர்ந்த தண்ணீர் என்று
பெருக்க வரும் சென்காவிடம் எத்தனையோ முறை சொன்னாள்.
சென்கா நம்பவில்லை.
இப்போது வீட்டிலிருந்து ஒரு பழைய துண்டு வருகிறது,
ஓரத்தில் நீலக் கோடு போட்டது.

பிப்ரவரி.
என் வீட்டு ஆணியில் ஒரு சாவி குறைந்துபோன வாரம்.
நாற்பதுகளில் எங்கேயோ எண்ணிக்கை நழுவியது.
நாற்பத்தாறா, நாற்பத்தொன்பதா.
கையில் குச்சிகள். முன்னால் எண்ணூறு பேர்.
தப்பான இடத்தில் இடி இடித்தால்
மழை என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

அவள் திரும்பவில்லை.
எப்போதும் ஹார்னின் வாய்க்குள்ளேயே குடியிருக்கும் வலது கை
வெளியே வந்தது.
நாற்காலிக்குப் பின்னால்
மூன்று விரல்.
இரண்டு.
ஒன்று.

அடித்தேன். சரியாக விழுந்தது.

அடுத்த கட்டம் அவளுடையது.
கை உள்ளே போய்ச் சேர்வதற்குள் மூச்சு கிளம்பிவிட்டது.
அந்தச் சுரம்
கோழிமுட்டை போல விரிசல் விட்டது.
எண்ணூறு பேரும் கேட்டார்கள்.
நடத்துநரின் ஒரு புருவம் மேலே போய்
முடிவு வரை இறங்கவில்லை.

தில்கா குழாயைக் கழற்றினாள்,
இரண்டு சொட்டு வடித்தாள், மாட்டினாள்.

வெளியே, சைக்கிள்கள் நிற்கும் இடத்தில், நன்றி என்றேன்.
"எதற்கு?"
"மூன்று விரலுக்கு."
"கை வியர்த்தது. காற்றாட விட்டேன்."

அப்போதாவது முகத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கலாம்.
உதட்டின் நடுவே ஊதுவாய் அழுத்திய சிவப்பு வட்டத்தைப்
பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.
அவள் மஃப்ளரைக் காதுவரை சுற்றிக்கொண்டு
திராவாப் பாலத்துப் பக்கம் நடந்தாள்.
பிடரி மூடியிருந்ததால்
பத்தடி தாண்டியதும் கூட்டத்தில்
அவள் எவள் என்று எனக்குத் தெரியவில்லை.