கதவிடுக்கில் ஒரு நாணயம்

முன் இடது மூலையை மட்டும் ஜாக்கியில் ஏற்றிவிட்டு
"இப்ப பின்கதவைத் திற" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.
திறந்தது. மூடத்தான் மாட்டேன் என்றது.
தரையில் நின்றபோது கதவிடுக்கில்
தாராளமாகப் போய்வந்த பத்து ரூபாய் நாணயம்
இப்போது மேல்முனையில் இறுகி நிற்கிறது.
"பாத்தியா, உன் வண்டி ஈரத்துணி.
ஒரு முனையைப் பிடிச்சா மறுமுனை முறுக்கிக்குது."

பெட்டட்டியில் மழை. ஷெட் தகரத்தடியில் பேச்சு பாதிதான் கேட்கும்.
என் கையில் பட்டியல், கோவையிலிருந்து கேட்டெழுதிய விலைகளோடு:
பானெட்டுக்கடியில் இரண்டு தோள்களையும் சேர்த்துக் கட்டும் பார்,
நாலாயிரத்து எண்ணூறு, சிவப்பு வேண்டுமென்றால் முந்நூறு கூட.
அடிவயிற்றுக்குக் குறுக்கே இன்னொன்று,
எங்கள் ரோட்டு வேகத்தடை முதல் வாரமே அதை உரசிப் பார்க்கும்.
டிக்கிக்குள் ஒன்று. அதைப் போட்டால்
கேத்தி கேரட் மூட்டையை எங்கே வைப்பது?
எட்டுக் குழாயில் கூண்டும் உண்டு,
அதன் விலையைப் பென்சிலால் எழுதி நானே அழித்துவிட்டேன்.
கைவசம் பதினெட்டாயிரம்.
அதில் இரண்டு சுகிர்தாவுடையது.

சுகிர்தா பக்கத்து சீட்டில் குறிப்பு வாசிப்பவள்.
பகலெல்லாம் தேயிலை பேக்டரியில்
இலை எடையைக் கூவி எழுதும் குரல், பதறாது.
போன போட்டியில் ஒன்பதாம் வளைவு தாண்டியதும் சொன்னாள்:
"நான் 'இடது மூணு' என்பதற்கும்
வண்டி அதை நம்புவதற்கும் நடுவே
ஒரு மூச்சு இருக்கு.
அந்த மூச்சை நான்தான் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

யாரைக் கேட்டாலும் வளைந்து கொடு என்பார்கள்,
கல்யாணத்தில், வங்கியில், வாடகை வீட்டில்.
ஸ்தனிஸ்லாஸ் ஸ்பிரிங்கைத் தட்டிக் காட்டினார்:
"வளைஞ்சு குடுக்கறது இவன் வேலை.
கூடே வளைஞ்சா இவன் சும்மா உக்காந்திருப்பான்."

சிவப்புதான் மனசில் இருந்தது, சொல்லிவிடுகிறேன்.
குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பானெட்டைத் திறந்து வைத்து
டீயோடு நிற்கலாம். நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள்.

அவர் விளக்கோடு அடியில் போனார்.
வெகுநேரம் வரவில்லை.
ஸ்குரூடிரைவர் நுழைகிற சத்தம் கேட்டது,
இரும்பில் கேட்கக்கூடாத சத்தம், பிஸ்கட்டில் கேட்பது.
பின் சீட்டுக்குக் கீழே, இரண்டு தகடுகள் சேரும் தையலில்
ஏழு பொட்டு வெல்டில் நாலு விட்டிருந்தது.
பதினாலு வருஷத்து மூடுபனி
யாரிடமும் சொல்லாமல் தின்ற இடம்.
"இதுக்கு மேல எந்தப் பாரைப் போட்டாலும்
உடைஞ்ச கையில வளையல்."

பார் வாங்கவில்லை.
சீட்டு, கார்பெட், தார்ப்பூச்சு எல்லாம் கழற்றி
பதினொரு நாள் வண்டி அம்மணமாய் நின்றது.
விரற்கடைக்கு ஒரு வெல்டு, இங்கொன்று, எதிர்ப்பக்கம் ஒன்று.
ஒரேயடியாக இழுத்தால் தகடு சூட்டில் கோணிக்குமாம்,
அதனால் நடுநடுவே பீடி.
அருவங்காட்டுச் சங்கு ஊதினால் அன்றைய வேலை முடிந்தது.
பதினாறாயிரத்து இருநூறு.
சுகிர்தாவுக்கு நான் இருநூறு பாக்கி.

மறுபடி ஜாக்கி. மறுபடி நாணயம்.
மேலே லேசாக உரசியது, போய்விட்டது.
கதவு மூடியது அரிசி டப்பா மூடியின் சத்தத்தோடு.

ஞாயிறு விடியலில் மெதுவாக மலையிறங்கினோம்.
டேஷ்போர்டு பேசவில்லை. கண்ணாடி முனகவில்லை.
"இடது" என்று அவள் வாயெடுக்கும்போதே
முன்சக்கரம் போய்க்கொண்டிருந்தது.
மூன்றாம் வளைவில் குறிப்பேட்டை மூடிவிட்டுத் தலையைச் சாய்த்தாள்.
"என்ன?"
"இத்தனை நாள் கடகடவில் மறைஞ்சிருந்திருக்கு. கேளு."

கேட்டேன்.
இடது பின்சக்கரத்துப் பேரிங்,
அடுத்த மலையில் ஓடும் தேயிலை பேக்டரி மாதிரி
ஊ என்று,
அப்போதுதான் ஆரம்பித்ததுபோல.