உறவுமுறை என்ற கட்டம்

சைக்கிள் கடைக்குப் பின்னால் அந்த அறை.
ஒரே மின்விசிறி, அதுவும் பாதிச் சுற்றில் நின்று யோசிக்கும்.
சுவரில் மால்வினாஸ் தீவுகளின் வரைபடம்,
ஈரம் ஏறி மேற்குத் தீவு உப்பியிருந்தது.
ஓய்வூதியத் தாளில் ஒரு முத்திரை வேண்டும்,
அதற்குத்தான் வந்தேன்.

உறுப்பினர் ஆனால்தான் முத்திரை என்று
சுனில்தா வயேஹோஸ் படிவத்தை நீட்டினாள்.
பெயர்: நெலிதா ஒஹேதா.
ஊர்: கோயா, படகுத் துறைக்கு இரண்டு தெரு தள்ளி.
படைவீரர் பெயர்: கிறிஸ்பின் அயாலா.
உறவுமுறை:

பேனா அங்கே நின்றுவிட்டது.
மனைவி என்று எழுதலாம், பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது.
ஆனால் இருபத்தொன்பது வருஷம் ஒருவன் பக்கத்தில் படுத்தெழுந்தும்
அவன் போய்வந்த போரைப் பற்றி
செய்தித்தாள் சொன்னதற்கு மேல் ஒன்றும் அறியாதவளை
எந்தச் சொல்லால் நிரப்புவது?

செயலாளர் வரத் தாமதமாகும் என்றாள்.
சும்மா உட்காராதே என்று கையில் ஒரு கத்தி கொடுத்தாள்.
மூட்டை மூட்டையாய் மரவள்ளி.
சனிக்கிழமை சாப்பாட்டுக்கு,
டோக்கன் விற்கும் பணம் லெகிசமோன் பையனின் கண் அறுவைக்கு.
கத்தி மழுங்கல். தோல் வராமல் என் விரல்தான் வந்தது.

"உன் ஆள் எத்தனை ஜோடி?"
எடுத்த எடுப்பில் கேட்டாள் சுனில்தா.
"எத்தனை ஜோடி என்ன?"
"காலுறை. படுக்கும்போது."

ஜனவரி மாதம். நாற்பது டிகிரி.
கொசுவலைக்குள் காற்றே வியர்த்துக் கிடக்கும்.
"ரெண்டு," என்றேன்,
என் தங்கையிடம்கூடச் சொல்லாததை.
"எங்க வீட்ல மூணு. எல்லாம் கம்பளி."
மூலையில் இருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்:
"எங்க வீட்ல ஷூவோட."

சிரித்தோம்.
உரித்த கிழங்கு கைநழுவி வாளித் தண்ணீர் முகத்தில் தெறிக்கிற அளவு சிரித்தோம்.
அப்புறம் வெகுநேரம்
கத்திகள் மட்டும்.

அபாரிசியோ தண்ணீர் தூக்கி வந்தார்,
ரப்பர் செருப்போடு.
இடது காலில் மூன்றே விரல்.
"டிராக்டரா?" என் வாய் முந்திக்கொண்டது.
எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட கதை அதுதான்:
புகையிலைத் தோட்டம், டிராக்டர், கல்யாணத்துக்கு முன்னால்.

அவர் சுனில்தாவைப் பார்த்தார்.
வாளியை இறக்கிவைத்தார்.
"ஆமாம்மா, டிராக்டர்தான்.
அந்த வருஷம் ஜூன் மாசம்
எங்க பட்டாளம் பூரா டிராக்டர் ஏறிச்சு."

எத்தனை நாள் அந்தக் குழித் தண்ணீரில் நின்றார்கள் என்று
நான் கேட்கவில்லை.
கிழங்கின் நடு நரம்பை உருவி எறிந்தேன்.

செயலாளர் வந்தார், முத்திரை விழுந்தது.
படிவத்தில் இன்னும் அந்தக் கட்டம்.
"காலியா விடு," என்றாள் சுனில்தா.
"நான் பதினோரு வருஷமா நிரப்பல."

வீட்டில் கிறிஸ்பின் முற்றத்தில் மாத்தே குடித்துக்கொண்டிருந்தான்.
"ஒரு முத்திரைக்கு இவ்ளோ நேரமா?"
"மரவள்ளி உரிச்சேன். கத்தியா அது, கரண்டி."
என் விரல் கட்டைப் பார்த்தான்.
வெந்நீர் ஊற்றினான், உறிஞ்சினான், வேலியைப் பார்த்தான்.
"அபாரிசியோ இருந்தானா?"
"இருந்தார்."
"இன்னும் செருப்புலதான் அலையறானா?"
அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.
குவளையை என் பக்கம் நகர்த்தினான்.

அடுத்த வியாழனும் அவன் வரவில்லை.
வரமாட்டான் என்று தெரியும், கேட்கவும் இல்லை.
புதன் ராத்திரி பின்கட்டில்
கல்லில் இரும்பு உரசும் ஓசை,
நிற்கும், தொடங்கும், நிற்கும்.
தூங்கிப்போனேன்.

காலையில் மேசைமேல் எங்கள் சமையல் கத்தி,
முனை யாரையும் குத்திவிடாதபடி
ஒன்றுக்குள் ஒன்றாய்
இரண்டு கம்பளிக் காலுறைக்குள்.

எட்டிப் பார்த்தேன்.
கொசுவலைக்கு வெளியே அவன் இடது கால்,
வெறுமையாய், மூன்று விரலும் விரிந்து.
மேலே உட்கார்ந்திருந்த கொசுவை விரட்டிவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினேன்.